வீட்டுப் பிறந்தநாளும் கட்டிலடித் தாயமும்: பன்முக நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

மனிதன் தோன்றினான். தோன்றியதால் அவனுக்குப் பிறந்தநாள் உண்டாயிற்று. (ஆய்வேடு என்றால் மனிதன் தோன்றிய இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தலைப்பு நகவெட்டியைப் பற்றியதாக இருந்தாலும் முதல் பக்கத்தில் ஆதிமனிதன் குகையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அவன் வராவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார்.) பிறந்தநாள் வந்ததும் கேக் வந்தது. கேக் வந்ததும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களை ஏழு மணி வரை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்து வந்தது. மண்டபம், மேஜிக்காரர், பலூன் வளைவு, ரிட்டர்ன் கிஃப்ட் என்று வசதி உள்ளவர்கள் இதற்கு விடை கண்டுவிட்டார்கள். மற்றவர்கள் கண்ட விடை, கூடத்தில் பாயை விரித்துப் பரணிலிருந்து கேரம் போர்டை இறக்குவது. அதுவே இவ்வாய்வின் பொருள்.

ஆய்வு எல்லை ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டுக்கும் நடுவிலுள்ள நடை ஆகியவை. சமையலறை எல்லைக்குள் வராது. ஆய்வாளர் அங்கே தலைகாட்டினால் தேங்காய் துருவச் சொல்லிவிடுவார்கள். முதன்மை மூலம் பாட்டி. துணைமை மூலம், பாட்டி எதைச் சொன்னாலும் மறுக்கிற சித்தப்பா. "சும்மாதான், ஒண்ணும் பெரிசா இல்ல, வந்துட்டுப் போங்க" என்று அழைக்கப்படும் விழாவே அதிக வேலை வாங்கும் என்பது கருதுகோள்.

முன்னோர் ஆய்வுகள்

நெதர்லாந்தின் வரலாற்றறிஞர் யோஹான் ஹௌசிங்கா 1938-இல் 'ஹோமோ லூடன்ஸ்' என்ற நூலில், விளையாட்டு பண்பாட்டைவிட மூத்தது, விலங்குகளும் விளையாடுகின்றன என்று நிறுவினார். விளையாட வந்தவர்களுக்கு யார் டிபன் செய்தது என்ற தகவல் அதில் இல்லை. பிரெஞ்சு அறிஞர் ரோஜே கைவா 1958-இல் விளையாட்டுகளைப் போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, தலைச்சுற்றல் என நான்காகப் பிரித்தார். அதோடு நில்லாமல், ஒரு முனையில் கட்டற்ற கும்மாளம், மறுமுனையில் கறாரான விதி, எல்லா ஆட்டமும் இடையில் எங்கோ நிற்கிறது என்றும் சொன்னார். இது உருப்படியான கருத்து. வீட்டுப் பிறந்தநாளின் மொத்தச் சிக்கலும் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது: பிள்ளைகள் கும்மாள முனையை நோக்கி இழுப்பார்கள், கணக்குத் துறையில் வேலை பார்த்த பெரியப்பா விதி முனையை நோக்கி இழுப்பார்.

தமிழில் இப்பொருள் குறித்து முன்னாய்வு இல்லை. இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள ஆய்வாளர் தேடவும் இல்லை. இது துறை மரபு.

திணைப் பாகுபாடு

எதைக் கொடுத்தாலும் திணைக்குள் அடைப்பது நமக்குக் கைவந்த கலையாதலின் இதையும் அடைத்துவிடுவோம். நிலம், மொசைக் தரையும் தரை சார்ந்த பாயும். பொழுது மாலை, அழைப்பில் ஐந்து மணி, நடப்பில் ஆறே முக்கால். தெய்வம் மின்சார வாரியம். பறை குக்கர் விசில். உணவு பின்னர் விரிக்கப்படும். உரிப்பொருள், போங்காட்டமும் போங்காட்டம் நிமித்தமும்.

விளையாட்டு வகைகளைக் கைவாவின் நான்கு பிரிவுகளிலேயே பார்க்கலாம்.

தலைச்சுற்றல்: மியூசிக்கல் சேர். பிளாஸ்டிக் நாற்காலி உடையும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பாவனை: சினிமாப் பெயரை நடித்துக் காட்டுதல். வாய் திறக்காமல் நடிக்க வேண்டிய ஆட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவது இதன் தனிச்சிறப்பு. தாமதமாக வந்தவரும் செருப்பைக் கழற்றும்போதே கலந்துகொள்ளலாம் என்பதால் இவ்வகைக் கூடுகைக்கு மிக உகந்தது.

போட்டி: கேரம். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. எந்த வீட்டிலும் இந்தப் பத்தொன்பதும் முழுதாக இருந்ததாகச் சான்றில்லை. குறைகிற காயின் இடத்தில் சட்டைப் பொத்தான் அமரும். ஆடுவோர் நால்வர், பின்னால் நின்று "கட் அடி, கட் அடி" என்போர் மீதிப்பேர் அனைவரும். உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் பெற்ற சென்னைக்காரர் மரிய இருதயமே வந்து உட்கார்ந்தாலும், அவர் ஸ்ட்ரைக்கரை வைப்பதற்குள் எங்கள் கூடத்தில் மூன்று பேர் அவருக்கு யோசனை சொல்லிவிடுவார்கள்.

அதிர்ஷ்டம்: தம்போலா. எண்கள் 90, சீட்டில் மூன்று வரிசை, ஒன்பது பத்தி, 15 எண். எண்ணைக் கூப்பிடுகிறவர் நல்ல குரல் உள்ளவராக இருந்தால் போதும், மூளை யாருக்கும் தேவைப்படாது. எனவே எல்லா வயதினரும் சமம்.

மொனாப்பலியும் அதன் இந்தியத் தம்பிகளும் விலக்கு. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி, நிலவுடைமை எவ்வளவு தீயது என்று காட்டுவதற்காக உருவாக்கி 1904-இல் காப்புரிமை பெற்ற ஆட்டத்தின் வழித்தோன்றல் அது. தீமையை நன்றாகவே காட்டும். ஆனால் முடிவதற்குள் விருந்தினருக்கு ராத்திரிச் சாப்பாடும் போட வேண்டியிருக்கும்.

ஊனோ பற்றி ஒரு குறிப்பு. 1971-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் இதை உருவாக்கினார். வேறொரு சீட்டாட்டத்தின் விதியைப் பற்றி மகனோடு வந்த சண்டையே காரணம். சண்டையில் பிறந்த குழந்தை சண்டையிலேயே வளர்கிறது. 'பிளஸ் ஃபோர்' மேல் 'பிளஸ் டூ' போட்டு அடுத்தவர் தலையில் ஆறைக் கட்டக்கூடாது என்று அந்த ஆட்டத்தின் உரிமையாளர்களே 2019-இல் அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் அந்த அறிவிப்பு இடைச்செருகல் எனக் கருதி ஒதுக்கப்பட்டது (சித்தப்பா, வாய்மொழி).

கட்டிலடிச் சிக்கல்

இனி ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம்.

தாயக்கட்டை பித்தளையாலானது, விரல் நீளம், நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை. மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். கட்டைகள் இரண்டு. ஆகவே விழக்கூடிய வகைகள் 16. அவற்றில் ஒரு வெறுமையும் ஒரு புள்ளியும் சேரும் இரண்டு மட்டுமே தாயம். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். கணிதம் இதுவரை சரி. ஆனால் பதினேழாவது வகை ஒன்று இருப்பதைக் கணித அறிஞர்கள் கவனிக்கத் தவறினார்கள். ஒரு கட்டை பாயில் நிற்கும். மற்றது மொசைக்கில் உருண்டு, நடையைக் கடந்து, படுக்கையறைக் கட்டிலுக்கடியில் போய்விடும்.

அந்த வீச்சு செல்லுமா?

இவ்வினாவில் மூன்று பள்ளிகள் உண்டு.

முதல் பள்ளியார் கிடந்தபடி கொள்வோர். கட்டை எங்கே கிடந்தாலும் கிடந்த நிலையே கணக்கு என்பது இவர்கள் கொள்கை. கொள்கை தெளிவானது, நடைமுறை அப்படியல்ல. கட்டிலடியில் பார்ப்பது யார்? உருட்டியவர் பார்த்தால் நிச்சயம் தாயம். எதிரணி பார்த்தால் நிச்சயம் மூன்று. நடுநிலையாளர் வேண்டும் என்று வீட்டிலேயே சிறிய உருப்படியை அனுப்புவார்கள். அது உள்ளே ஊர்ந்து போய், கட்டையை எடுத்து, வெளியே வந்து உள்ளங்கையை விரித்து, "இந்தா இருக்கு" என்று காட்டும். களச்சான்று அழிந்தது. இந்தக் கணத்தில் எந்த அகழாய்வாளரும் அழுதிருப்பார் (பாட்டி, வாய்மொழி, வெற்றிலை மெல்லும்போது, ஆதலால் இரண்டு எழுத்துகள் தெளிவில்லை).

இரண்டாம் பள்ளியார் மறுபடி எறிவோர். இவர்களிடையே உட்பிளவு. பாயில் நிற்கும் கட்டை வெறுமை காட்டினால் அதை அப்படியே வைத்து மற்றதை மட்டும் எறிவதா, இரண்டையும் சேர்த்து எறிவதா? ஒற்றைக்கட்டையார் முன்னதைச் சொல்வர். இணைக்கட்டையார் பின்னதைச் சொல்வர். கையில் இரண்டு கட்டையும் உரசும் ஓசை இல்லாமல் எறிவது எறிதலே ஆகாது என்பது இணைக்கட்டையாரின் வலுவான வாதம் (சித்தப்பா, 'கட்டிலடி நீதி', திண்ணைச் சொற்பொழிவுகள், இரண்டாம் தொகுதி, காபி வருவதற்கு முந்தைய பகுதி, காபி வந்தபின் இக்கருத்தை அவரே கைவிட்டார்).

மூன்றாம் பள்ளி ஒருவரே உள்ள பள்ளி. கட்டை எங்கே போனாலும், எப்படிக் கிடந்தாலும், பிறந்தநாள் குழந்தை உருட்டியிருந்தால் அது தாயம். குழந்தைக்கு வேண்டாதவர் உருட்டியிருந்தால் அது செல்லாது. இதற்கு மேல்முறையீடு கிடையாது (பாட்டி, பெரிய அத்தை கேட்டுச் சொல்லி, சின்ன அத்தை அதை மறுத்து, மறுப்பைக் கேளாததுபோல் மாமா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி, கூட்டிய ஒலியில் தப்பிய பகுதிகளை எதிர்வீட்டு அக்கா தொகுத்தது, திருத்திய பதிப்பு, அடுத்த தீபாவளி, பக்க எண் இல்லை, பக்கமும் இல்லை).

இச்சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கீழடியில் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்ததை நாடறியும். நகர வாழ்வு, செல்வ வளம், ஓய்வுப்பொழுது என்றெல்லாம் அதிலிருந்து அறிஞர்கள் முடிவுகள் எடுத்தார்கள். நல்லது. ஆனால் அடிப்படைக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. ஆடியவர்கள் அதை ஏன் எடுத்து வைக்கவில்லை? எடுத்து வைத்த பகடை பேரனுக்குப் போகும். பேரன் கையில் வந்ததை அவன் தொலைப்பான். ஆக, மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் பகடை எதுவாயினும் அது தொலைந்த பகடை. தொலைந்ததென்றால் அது உருண்டது. உருண்டதென்றால் எதற்கோ அடியில் போனது. எனவே அங்கே கட்டில் இருந்தது என்பது பெறப்படும். கட்டிலின் சுவடே இல்லையே என்பார்க்கு, மரக்கட்டில் மட்கிப்போகும், கிடைக்காததே அது இருந்ததற்குச் சான்று என்க. இதைவிட மெலிந்த சான்றின் மேல் இதைவிடப் பெரிய கட்டடங்களைக் கருத்தரங்குகளில் எழுப்பியிருக்கிறார்கள், பொன்னாடையும் போர்த்தியிருக்கிறார்கள்.

அந்தப் பழைய வீட்டில் வீச்சு செல்லுமென்று தீர்ப்பானதா, செல்லாதென்றா என்பது கல்வெட்டில் இல்லை. பாட்டி யாரும் அங்கே இருந்திருந்தால் தீர்ப்பு என்னவென்று நமக்குத் தெரியும்.

உணவியல்

இரண்டு கை தேவைப்படும் பண்டம் ஆட்டத்துக்குப் பகை. தட்டு ஏந்திச் சாப்பிடும் பூரியும் குருமாவும் வந்தால் கேரம் நின்றுவிடும். ஒரு கையால் தீர்க்கக்கூடியது வேண்டும்; ஆனால் அந்தக் கையில் எண்ணெய் இருக்கக்கூடாது. பஜ்ஜி சாப்பிட்ட விரல் பட்ட ஊனோ சீட்டின் முதுகில் கறை நிற்கும். அடுத்த சுற்றிலிருந்து எந்தச் சீட்டு 'பிளஸ் ஃபோர்' என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும். இக்கறைகளை வாசிப்பதில் எங்கள் பெரியப்பா அடைந்த தேர்ச்சி பல கல்வெட்டு அறிஞர்களுக்கு வாய்க்காதது. முறுக்கு உதிரும், பஃப்ஸ் அதைவிட உதிரும். சுண்டல் சிறந்தது. காய் தொலைந்தால் பதிலுக்கு ஒரு கொண்டைக்கடலையை வைக்கலாம். அதையும் யாராவது தின்னும்வரை ஆட்டம் நடக்கும்.

கேரம் பவுடர் தூவும் இடத்திலிருந்து கேக்கைத் தள்ளி வையுங்கள். இது நகைச்சுவைக்காகச் சொல்வதன்று. பல டப்பாக்களில் இருப்பது போரிக் பவுடர்.

கண்டறிந்தவை

பரணில் இருக்கும் ஆட்டமெல்லாம் கீழே இறங்கினால் ஒன்றும் நடப்பதில்லை. எதை ஆடுவது என்ற விவாதத்திலேயே கேக் உருகிவிடும். மூன்று போதும்: உட்கார்ந்து ஆட ஒன்று, கத்தி ஆட ஒன்று, கிழவிகளுக்கும் குழந்தைகளுக்கும் பொதுவாக ஒன்று. நேர அட்டவணை அச்சடித்துச் சுவரில் ஒட்டிய வீட்டில் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை, ஒட்டியவர் உட்பட. ஜெயித்தவருக்கு மட்டும் பரிசு என்றால் அழுகை உறுதி. பென்சில் பெட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்குக. வராத குழந்தைக்கும் ஒன்று வாங்குக, அது மறுநாள் வரும்.

ஆட்டம் பாதியில் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பாதியில் நின்ற ஆட்டத்தில் தோற்றவர் இல்லை. "நான்தான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது: வேலை அதிகம்தான், ஆனால் அதைச் செய்தவர்களை இவ்வாய்வில் பேட்டி காண இயலவில்லை. அவர்கள் சமையலறையில் இருந்தார்கள்.

மேலாய்வுக் களங்கள்

"தம்போலாவில் ஒரே எண்ணை இருமுறை கூப்பிட்ட மாமாக்கள்: ஒப்பியல் நோக்கு", "பொத்தானும் கேரம் காயும்: தொடர்ச்சியும் மாற்றமும்" ஆகிய தலைப்புகள் இன்னும் யாராலும் தொடப்படவில்லை. விருப்பமுள்ளோர் பதிவு செய்யலாம். எங்கள் தாயக்கட்டைகளில் ஒன்று இன்னும் கட்டிலடியில் இருக்கிறது. கட்டிலில் பெட்டி வைத்திருப்பதால் நகர்த்த நால்வர் தேவை. களப்பணிக்கு வருவோருக்குச் சான்றிதழ் உண்டு, மதிப்பெண்ணும் சேர்த்துக்கொள்ளலாம். கேக் மட்டும் கேட்க வேண்டாம், தீர்ந்துவிட்டது.