வாசல் மரம்: கேள்வி – பதில்

கேள்வி: வாசல் வேம்பிடம் தினமும் காலையில் இரண்டு வார்த்தை பேசுவேன். மனசு லேசாகிறது. மகன் கேலி செய்கிறான். இது பக்தியா, பிரமையா?
– ஒரு வாசகி, போலகம்

பதில்: இரண்டும் இல்லை, உறவு. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்திலிருந்து நம் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வரும் சௌரிராஜப் பெருமாளை மீனவ மக்கள் ‘மாப்பிள்ளை சாமி’ என்று வரவேற்கிற ஊர் இது. பெருமாளே மாப்பிள்ளையாகலாம் என்றால், வேம்பு உங்களுக்குச் சொந்தமாகக் கூடாதா?

மகனிடம் நற்றிணையின் 172ஆம் பாட்டை எடுத்துக் கொடுங்கள். களம் நம்முடையதைப் போன்ற நெய்தல் நிலம். சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்துபோன புன்னைக் கொட்டை முளைத்துவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்கள் உடன்பிறந்தவள், உங்களைவிடச் சிறந்தவள் என்று தாய் சொல்லிவிடுகிறாள். பிறகு அவர்களில் ஒருத்தியின் காதலன் அந்த நிழலுக்கு வரும்போது தோழி தடுக்கிறாள்: இவள் முன்னால் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு நிழலும் உண்டே என்று. அந்தப் புன்னையில் சாமி குடியேறவில்லை. மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை. கூட வளர்ந்த மரம் என்ற ஒன்றுக்காகவே அந்தப் பெண்கள் கூசுகிறார்கள். மரத்தோடு மனிதருக்குள்ள நெருக்கத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இன்னொரு பாட்டை நான் படித்ததில்லை.

கேள்வி: நாம் பேசுவது மரத்துக்குக் கேட்குமா?
– பள்ளி மாணவர், நிரவி

பதில்: செடிகொடிகள் தூண்டலுக்கு எதிர்வினை காட்டுவதை ஜகதீஷ் சந்திர போஸ் கருவிகளால் பதிவு செய்தார். ஆனால் நம் பேச்சைப் புரிந்துகொள்ள மரத்துக்கு மூளையோ நரம்போ கிடையாது. நமக்குத்தான் நன்மை, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

கேள்வி: அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் தருமாமே?
– ஒரு வாசகர், வாஞ்சூர்

பதில்: தராது. வெளிச்சம் இல்லாமல் எந்த இலையும் ஆக்சிஜன் உண்டாக்காது. அரசை வணங்க அந்தக் கதை தேவையே இல்லை.

கேள்வி: தெருக்கோடி வேம்பை அம்மனாகக் கும்பிடுகிறோம். சுற்றிச் சிமென்ட் மேடை கட்ட வசூல் நடக்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பட்டினச்சேரி

பதில்: அடிமரத்தைச் சுற்றி மண்ணை நன்றாக விட்டுக் கட்டுவதானால் தாராளமாகக் கொடுங்கள். மண்ணை முழுக்க மூடினால் வேருக்குத் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. வேண்டுதல் கயிறு பருத்தி நூலாக இருக்கட்டும், ஆடிக்கு ஆடி பழையதை அவிழ்த்துவிடுங்கள். நைலான் கயிறு மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் இறங்கும். இலை தயாரித்த உணவு வேருக்குப் போகும் வழி அந்தப் பட்டைதான். சூலம், விளம்பரப் பலகை, எதற்காகவும் ஆணி வேண்டாம். அம்மன் என்று சொல்லிவிட்டு அவள் உடம்பில் ஆணி அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: கஜா புயலில் சாய்ந்த எங்கள் பூவரசை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது. அசட்டுத்தனமா?
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: இல்லையம்மா, அழுங்கள். 2018 நவம்பர் 16 காலையில் டெல்டாவில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து வயசான விவசாயிகளே வாய்விட்டு அழுதார்கள். பூவரசு போத்து நட்டாலே துளிர்க்கும் மரம். தெரிந்த வீட்டில் ஒரு கிளை கேட்டு வாங்கி நடுங்கள்.

கேள்வி: மரம் வைக்க எங்கள் வீட்டில் இடமே இல்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருமலைராயன்பட்டினம்

பதில்: பக்கத்துத் திருநள்ளாற்றில் தலவிருட்சமே தர்ப்பை. ஒரு புல்லுக்கு அந்தப் பெருமை இருக்கும்போது உங்கள் தொட்டித் துளசிக்கு என்ன குறை? தெருவில் நிற்கும் மரத்தையும் உங்களுடையதாக்கிக்கொள்ளலாம், சித்திரை வெயிலில் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். புதிதாக நட ஓரடி மண் கிடைத்தால் புன்னைதான் என் முதல் யோசனை. உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும். ஐப்பசி மழைக்கு முன் நட்டு, ஆடு கடிக்காமல் முள் வேலி கட்டிவிடுங்கள்.