ஒருவிரற் பிரகரணம்

தொல்காப்பியனார் காலம் எது, ஆதி மனிதன் முதலில் பேசியது எந்தப் பாஷை, கரிகாலன் கட்டிய கரை எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்பன போன்ற விஷயங்களைப் பற்றியெல்லாம் வித்துவான்கள் எழுதிக் குவித்திருக்க, ஆரம்பப் பாடசாலையின் முதல் வகுப்பில் ஒரு குழந்தை சுண்டுவிரலை உயர்த்தி, "ஸார், ஒண்ணுக்கு!" என்று விண்ணப்பித்துக்கொள்ளும் அந்தத் தினசரி மகத்துவத்தைப் பற்றி ஒருவரும் பிரஸ்தாபிக்கவில்லை என்பதைக் காணும்போது, நம் ஆராய்ச்சியாளர்கள் அனைவரும் நேரே இரண்டாம் வகுப்பில் சேர்க்கப்பட்டவர்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டாகிறது. இந்தக் குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு, கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் உபாத்தியாயராக இருக்கும் என் நண்பரைக் கெஞ்சி அநுமதி பெற்று, விஜயதசமிக்கு அடுத்த திங்கட்கிழமை முதல் வெள்ளிக்கிழமை வரையில், ஒரு கால் ஆடும் முக்காலியில் உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்த குழந்தைகளோடு குழந்தையாக நானும் முதல் வகுப்பு வாசித்தேன்.

என் நண்பர் அந்த வாரத்துக்கென்று வகுத்திருந்த பாடக்குறிப்பில் 'அ' முதல் 'ஊ' வரை ஆறு எழுத்துக்களும், ஒன்று முதல் பத்து வரை எண்களும் கண்டிருந்தன. குழந்தைகளிடமும் ஒரு பாடக்குறிப்பு இருந்தது. அதில் இரண்டே எண்கள்தாம். அவற்றைப் பாடசாலையில் காலெடுத்து வைத்த முதல் நாளே, தம்மைவிட ஒரு வயது மூத்த பிள்ளைகளிடம் அவர்கள் ஐயந்திரிபறக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இலக்கணம். தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று நன்னூலார் மூன்றாகப் பகுத்திருக்கிறார். இடக்கரடக்கலுக்குக் 'கால் கழுவி வந்தான்' என்று உதாரணம் காட்டுவது இலக்கண ஆசிரியர்களின் வழக்கம். அது காரியம் முடிந்து திரும்பியவனைப் பற்றிய பேச்சு. போவதற்கு முன், அதுவும் அவசரத்தில், என்ன சொல்லுவது என்பதற்கு அவர்கள் வழிகாட்டவில்லை. அந்த இடைவெளியை நம் குழந்தைகள் ஓர் எண்ணுப்பெயரையும் நான்காம் வேற்றுமை உருபையும் கொண்டு அடைத்துவிட்டார்கள். நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை எனப் பொருள்கள் கூறப்பட்டிருக்க, 'ஒண்ணுக்கு' என்பதில் வரும் 'கு' உருபு 'பொருட்டு' என்னும் பொருளில் வந்தது என்று சாமானிய வித்துவான்கள் முடித்துவிடுவார்கள். கணக்குப் பாடத்தின் நடுவில் எழும்பும் விரலைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கோ, அது 'பகை'ப் பொருளில் வந்தது என்பது நன்கு விளங்கும்.

இனிச் சரித்திரம். எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு 1789-ல் தலைமை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதிசயித்து, அம்முறையைத் தம் விடுதியில் புகுத்த எண்ணி, கீழ் உபாத்தியாயர் அதற்கு இணங்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனையே சிறுவர்களுக்கு ஆசிரியனாக நியமித்து, அந்த அநுபவத்தை 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியாராகும் இந்தச் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டுக்குச் சீமையில் 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. அவருடைய சொந்த ஊரான செயிண்ட் ஆண்ட்ரூஸில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்பதுதான் பெயர். நம் மணலைக் கொண்டுபோனார், சட்டாம்பிள்ளையைக் கொண்டுபோனார். விரலைக் கொண்டுபோனாரா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. மணலில் ஊன்றிய விரலைக் கண்டு வியந்த அந்த மகான், அதே விரல் மணலை விட்டு ஆகாயத்தை நோக்கி எழும்பும் க்ஷணத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

சம்பிரதாய பேதமும் இதில் உண்டு. ஒன்றுக்குச் சுண்டுவிரலே சாஸ்திரோக்தம் என்பது ஒரு கட்சி. ஆள்காட்டி விரலும் பாதகமில்லை என்பது மறு கட்சி. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய நாட்டில் இது ஆச்சரியமன்று. ஆனால் உண்மையான பேதம் விரலில் இல்லை. குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வடகலையாரின் மர்க்கட நியாயத்தையும், தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விச் செல்லும் என்னும் தென்கலையாரின் மார்ஜார நியாயத்தையும் இங்கே பொருத்திப் பார்த்தால் விஷயம் துலங்கும். "கேட்டால்தான் விடுவேன்" என்று திங்கட்கிழமை காலையில் பிரகடனம் செய்த என் நண்பர் அப்போது சுத்த வடகலை. அன்று பிற்பகல், கேட்கக் கூச்சப்பட்ட ஒரு பையனின் காலடியில் தரை நனைந்து, 'இ' எழுதிய சிலேட்டும் நனைந்தபின், அவருடைய சித்தாந்தம் ஆட்டங்கண்டது. செவ்வாய்க்கிழமை முதல், பலப்பத்தைக் கடித்துக்கொண்டு முழங்கால்களை ஒட்டவைத்து நெளியும் முகம் எது என்று அவர் கண்கள் தாமே தேடத் தொடங்கின; "எலே, போய்ட்டு வா" என்று கேளாமலே வரம் கிடைக்கலாயிற்று.

வரத்துக்கு உள்ள தோஷம் அது தொற்றிக்கொள்வது. ஒருவன் போனால் வகுப்பு முழுவதும் விரல் காடாகிவிடும். ஆகவே ஒரு தடவைக்கு இருவர், போனவர்கள் திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம் என்று புதன்கிழமை ஒரு சட்டம் பிறந்தது. பூவரசமரத்தில் அணில் இருந்ததால் போனவர்கள் திரும்புவதாக இல்லை. "போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை, வெளியிலே இருக்கிறவர் எத்தனை?" என்று உபாத்தியாயர் ஆயாசத்தோடு கேட்க, "ரெண்டு பேரு ஸார்!" என்று வகுப்பே ஒரே குரலில் விடை சொல்லிற்று. பாடத்திட்டத்தில் மூன்று மாதத்துக்குப் பின்னால் கிடந்த கழித்தற் கணக்கு, கூட்டலே தெரியாத குழந்தைகளுக்கு இவ்விதம் சித்தித்ததை நான் கண்ணாரக் கண்டேன். பள்ளி நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்து 1953-ல் சர்க்காரால் கொண்டுவரப்பட்டு, பெருங்கிளர்ச்சிக்குப் பின் 1954-ல் கைவிடப்பட்ட திட்டத்தைப் பற்றி இரு தரப்பிலும் தொண்டை வறளப் பேசியவர்கள், மணியைக் குறைத்தால் விரலும் குறையுமா, விரல் குறைந்தால் கணக்கு எப்படி வரும் என்பதை யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலையில்தான் என் ஆராய்ச்சிக்கே ஆபத்து நேர்ந்தது. ரிப்பன் அவிழ்ந்த ஒரு சிறுமி, மூன்று விரல்களை உயர்த்தினாள். "என்னம்மா?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று என் நண்பர் அவளை வெளியே அனுப்பினார். அவள் வாசற்படி வரை போய், தெருவைச் சற்றுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமையும் அதே மூன்று விரல், அதே வாசற்படி.

அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் வாதித்தோம். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று, ஆகவே குழந்தை இரண்டு அவசரங்களையும் சேர்த்துச் சொல்லுகிறாள், கூட்டலும் அவளுக்குத் தானாக வந்துவிட்டது என்பது என் நண்பரின் பூர்வபக்ஷம். அப்படிச் சொல்லுகையில் அவர் முகத்தில் ஓர் உபாத்தியாயருக்கே உரிய கர்வம் பிரகாசித்தது. போனவள் போன காரியம் எதையும் செய்யாமல் திரும்புவானேன் என்று நான் கண்டனம் செய்தேன். தாகமாயிருக்கலாம் என்றால் பானை வகுப்புக்குள்ளேயே இருந்தது. தகுதி வழக்கு மூன்றில் இடக்கரடக்கலும் குழூஉக்குறியும் முதல் இரண்டு விரல்களிலேயே செலவழிந்துவிட்டபடியால், மூன்றாவது விரல் மிச்சமுள்ள மங்கலத்தைச் சேர்ந்ததாக வேண்டும் என்று நான் நிலைநாட்டியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல், கரும்பலகைக்குப் பூச ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக்கொண்டு பெரிய பிள்ளைகள் வாசலில் கும்மாளமிட்டிருந்த வேளையில், அந்த மூன்று விரல்களும் மறுபடி எழுந்தன. என் நண்பர் இந்தத் தடவை நாற்காலியில் இருந்தபடி கேட்கவில்லை. எழுந்துபோய் அவளுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எதுக்குத் தாயி மூணு? சொல்லு, ஸார் யாருகிட்டேயும் சொல்ல மாட்டேன்."

அவள் என்னை ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்து சொன்னாள்: "அம்மாகிட்டப் போவணும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். பாடசாலை விடுவதற்கு இன்னும் கால் மணி பாக்கி இருந்தது. என் நண்பர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கரி பூசிய கைகளோடு நின்ற பெரிய பையனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் ஓடிப்போய், பூவரசங்கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கணீர் கணீரென்று அடித்தான். நான் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூன்று விரல் என்பதற்கு நேரே 'மங்கலம்' என்று எழுதி, முக்காலியை விட்டு எழுந்தேன்.