அடுத்த முதலாளி வருமுன் ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மேன்மைதங்கிய நிர்வாகத்தினர், இலங்கை கிரிக்கெட் நிறுவனம், மெயிட்லண்ட் பிளேஸ், கொழும்பு 07.

அனுப்புநர்: கடினப்பந்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த மென்பந்து ஆட்டக்காரன், சம்பூர், மூதூர்.

கனம் ஐயாமாரே,

தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். அணிகளுக்குப் பெயர் சூட்டுவதே ஒரு முழுநேர உத்தியோகம். 2020 முதல் 2024 வரை லங்கா பிரீமியர் லீக்கில் ஊர்கள் ஐந்து, தொடர்களும் ஐந்து. பெயர்களை எண்ணினால் 17 வருகிறது. தம்புள்ளை மட்டும் வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்ஸர்ஸ் என்று ஐந்து அவதாரம் எடுத்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் இன்னும் ஐந்து தொடரில் பெருமாளை எட்டிப் பிடித்துவிடும். இதிலே தண்டர்ஸ் ஒரு பந்துகூட வீசவில்லை. 2024 மே மாதம் அதன் உரிமையாளர் தமீம் ரஹ்மான் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். தாங்கள் ஒப்பந்தத்தைக் கிழித்து, சில வாரங்களுக்குள் வேறு முதலாளியையும் பிடித்து, அணியை மைதானத்தில் இறக்கிவிட்டீர்கள். அந்தச் சுறுசுறுப்பை நாங்கள் மெச்சுகிறோம். இங்கே ஒரு பாலத்துக்குப் பலகை மாற்ற அதைவிட நாள் எடுக்கும்.

இப்போது தகராறு யாழ்ப்பாணத்தைப் பற்றியது. 2025 ஏப்ரலில் ஜஃப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் இரண்டையும் ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று வெளியே அனுப்பினீர்கள். அன்றிலிருந்து எங்கள் தேத்தண்ணிக் கடையில் சமாதானம் இல்லை. ஓட்டோ ஓடுகிற தம்பி ஒருவன் சொல்கிறான்: "மச்சான், நாலு தரம் கப் அடிச்ச டீமடா. 2020, 21, 22, பிறகு 24. அதைப் போய் ஆரும் கலைப்பாங்களா?" மீன் வியாபாரி விடுவதாயில்லை: "கப்பென்ன கப்பு? காசு கட்டாட்டி முதலாளியை வெளியில போடத்தானே வேணும். நான் ஐஸ்காரனுக்குக் காசு குடுக்காட்டி அவன் எனக்கு ஐஸ் தருவானா?" ஓய்வுபெற்ற வாத்தியார் நடுவில் புகுந்து, ஸ்டாலியன்ஸ் என்று புலம்பெயர்ந்த தமிழர் சிலர் கூடி நடத்திய முதல் வருடம்தான் சுத்தமான வருடம், 2021இல் லைக்கா சுபாஸ்கரன் வாங்கிக் கிங்ஸ் ஆக்கியபிறகு எல்லாம் வெறும் வியாபாரம் என்கிறார். முதல் வருடமும் வியாபாரந்தான் என்று சொன்னால் வாத்தியாருக்குக் கோபம் வரும். நான் சொல்லவில்லை.

ஒன்றில் மட்டும் மூவருக்கும் பேதமில்லை. யாழ்ப்பாணத்துப் பொடியன் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் தன் முதல் ஆட்டத்திலேயே அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை எடுத்தபோது, சம்பூரில் கத்தின கத்தல் கொட்டியாரக் குடாவைத் தாண்டித் திருகோணமலைக் கோட்டையில் கேட்டிருக்கும். 2024இல் அவர் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு ஆடினார். முதலாளி ஆர் என்று அந்த இரண்டு நாளும் ஒருவரும் கேட்கவில்லை.

ஐயாமாரே, எங்கள் ஐயம் இதுதான். நாலு முறை சம்பியனான அந்த அணி யாழ்ப்பாணத்தில் எத்தனை ஆட்டம் ஆடியது? ஒன்றுமில்லை. முதல் வருடம் கொரோனா என்று எல்லா ஆட்டமும் சூரியவெவயில் நடந்தது. பிறகு கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என்று சுற்றியது. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டியதே 2025 செப்டெம்பரில்தான். பெயர் யாழ்ப்பாணத்தாருடையது, கிண்ணம் முதலாளியுடையது, மைதானம் தங்களுடையது. கைதட்டல் மட்டும் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது.

"யாழ்ப்பாணத்து விசயத்தில் சம்பூரானுக்கு என்ன வேலை?" என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்களுக்கும் ஒரு காலத்தில் அணி இருந்ததே! 2012இல் தாங்கள் நடத்திய ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கில் கிழக்கின் பெயரில் நாகெனஹிர நாகாஸ் என்று ஒன்று ஆடியது. மத்தியூஸ்தான் தலைவர். இறுதிப் போட்டிவரை போய் ஊவா நெக்ஸ்ட்டிடம் தோற்றது. ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. எங்கள் அணி இறுதிப் போட்டி ஆடியபோது நாங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம் கொட்டில்களில் இருந்தோம். 2006இல் யுத்தத்தில் ஓடினவர்கள், 2012இலும் திரும்பவில்லை. அடுத்த வருடம் முதலாளிமார் நிதிக் கடமைகளைச் செய்யவில்லை என்று தொடரையே கைவிட்டீர்கள். நாகாஸ் புற்றுக்குள் போனது, பிறகு தலை காட்டவேயில்லை. 2020இல் புதுத் தொடருக்கு ஊர் பிரித்தபோது கிழக்கு மாகாணம் வரைபடத்தில் இருந்தது, பட்டியலில் இல்லை.

ஆகவே, உரிமையாளர் மாற்றம் என்ற பாடத்தில் சம்பூருக்கு உள்ள அனுபவத்தைத் தங்கள் காலடியில் வைக்க விரும்புகிறோம். ஆலோசனைக் கட்டணம் வேண்டாம். அதே 2012இல் எங்கள் காணியில் 818 ஏக்கரைக் கனரகக் கைத்தொழில் வலயம் என்று வர்த்தமானியில் போட்டு ஒரு கம்பனிக்குக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் இந்தியாவின் என்டிபிசியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாற் அனல் மின் நிலையம் என்றார்கள். வேறொரு துண்டில் கடற்படை இருந்தது. 2015இல் புது ஜனாதிபதி வந்து 818 ஏக்கரை விடுவித்தார். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலிருந்து இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தைத் திரையில் தொடக்கிவைத்தார்கள். நிலக்கரி அணி போய்ச் சூரிய அணி வந்தது. சின்னம் மாறியது, சீருடை மாறியது, அனுசரணையாளர் மட்டும் அதே ஆள். உள்ளூர் ஆட்டக்காரர்கள் அந்தக் காலத்தில் பெரும்பகுதியை எல்லைக்கோட்டுக்கு வெளியே கழித்தார்கள். உறுதி எங்கள் கையில் இருந்தது, காணி வேறு யாரோ கையில் இருந்தது. தங்கள் லீக்கில் நடப்பதைப் பார்த்து நாடே வியக்கிறது. நாங்கள் வியக்கவில்லை.

அமெரிக்காவிலே ஓக்லண்ட் என்று ஒரு ஊர். அங்கே பேஸ்போல் ரசிகர்கள் 2023இல் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, "அணியை வித்துத் தொலை" என்று சொந்த முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் விற்கவில்லை. 2024 தொடர் முடிய அணியையே தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர்களுக்கு முதலாளி அணியை விட்டுப் போகமாட்டேன் என்கிறாரே என்ற கவலை. இங்கே முதலாளியின் பெயரைப் பாடமாக்குமுன் அடுத்தவர் வந்துவிடுகிறார். அதே நாட்டில் கிரீன் பே என்ற சின்ன ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள், பெரும்பாலும் ரசிகர்கள். அந்தப் பங்குக்கு இலாபம் இல்லை, விற்கவும் முடியாது. ஆனால் அணியை ஊரைவிட்டுக் கிளப்பவும் ஒருவராலும் முடியாது. இதைச் சொன்னதும் மீன் வியாபாரி பங்கு எவ்வளவு என்று கேட்டார். வாத்தியார் கூட்டுறவுச் சங்கம் தொடங்கலாம் என்றார். சங்கத்துக்குப் பெயர் வைப்பதில் அன்றைக்கே சண்டை வந்துவிட்டது. நிர்வாகத்தை எங்களிடம் தரவேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தங்களுக்குத் தேவையில்லை.

2025 தொடரையும் தாங்கள் தள்ளிவைத்தீர்கள், உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்படுத்த வேண்டும் என்று. நல்லது. அந்த ஓய்வில் செய்வதற்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த முதலாளியோடு கைச்சாத்திடும் பத்திரத்தில் இரண்டு வரி சேருங்கள். எந்த ஊரின் பெயரை வாங்குகிறாரோ அந்த மாவட்டத்தில் வருடத்துக்கு ஒரு ஆட்டமாவது, பயிற்சி ஆட்டமாவது, நடக்கவேண்டும். உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த மாவட்டப் பாடசாலைகளின் கடினப்பந்து ஆடுகளத்துக்குப் போகவேண்டும். முதலாளி காசு கட்டாமல் ஓடினாலும் ஆடுகளம் ஓடாது.

திருகோணமலைக்கும் ஒரு அணி கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதி வரும்போது அந்த ஆசை குறைந்துவிட்டது. கட்டாயம் கொடுப்பதென்றால் பெயரைத் திருகோணமலை என்று மட்டும் வையுங்கள், பின்னால் வால் எதுவும் வேண்டாம். இல்லையென்றால் அணி கிடக்கட்டும். மூதூர் கிழக்குப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு கடினப்பந்து ஆடுகளமும், கிழமையில் இரண்டு நாள் வந்துபோகிற ஒரு பயிற்றுநரும் தாருங்கள். அதற்கு ஏலம் விடத் தேவையில்லை.

இவ்வண்ணம்,
முதலாளி இல்லாத ஒரு ரசிகன்