ஒரு செட் எத்தனை?

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் 'செட்' என்பார்கள். 1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் 60,000 சொற்களுக்குப் போகிறது. ஒரு நாவல் அளவு, கதைதான் கிடையாது. இப்போது 'ரன்' 645 பொருளோடு முந்திவிட்டதாக அந்த அகராதிக்காரர்களே சொல்கிறார்கள். முந்தட்டும். ஓடுவதுதானே அதன் வேலை.

எனக்கு வருத்தமெல்லாம், அந்த 430-ஐ எண்ணியவர்களில் ஒருவர்கூட மதுரைப் பக்கம் வந்து எண்ணவில்லை என்பதுதான். வந்திருந்தால் 'ரன்'னுக்கு இந்தத் திமிர் வந்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் 'கோ, வென்ட், கான்' என்று ஒரே வினையை மூன்று வேஷத்தில் மனப்பாடம் செய்து நாக்கு தள்ளிக் கிடந்த எங்களுக்கு, 'செட், செட், செட்' வந்த அன்றைக்குத்தான் வெள்ளைக்காரன் மேல் ஒரு மரியாதை பிறந்தது. நேற்று, இன்று, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். வகுப்பே ஒரே குரலில் முழங்கியது. கடைசி பெஞ்சில் தாளம்கூடப் போட்டார்கள்.

ஆனால் அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது வகுப்பில் இல்லை, கிணற்று மேட்டில். பம்பும் மோட்டாரும் சேர்ந்தது என்பதால் 'பம்புசெட்' என்று பெயர் வைத்திருக்க வேண்டும். ஊரில் யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. மோட்டார் இருக்கிற ஓட்டுக் கொட்டகை பம்புசெட், தண்ணீர் விழுகிற தொட்டி பம்புசெட், தொட்டியை ஒட்டிய வேப்பமர நிழலும் பம்புசெட். 'பம்புசெட்டுல குளிச்சேன்', 'பம்புசெட்டுல தூங்கினேன்', 'பம்புசெட்டுல வச்சுத்தான் பேசி முடிச்சோம்.' 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசம் என்று ஆனபிறகு, அரசியல் மேடைகளிலும் அந்தச் சொல் நிரந்தரமாக ஏறிக்கொண்டது. இதில் உபகுழப்பம் ஒன்று உண்டு. கிராமத்து நாக்குக்கு 'ஷெட்'டும் செட்டுதான். 'வண்டி செட்டுல நிக்குது' என்றால் வண்டி நம் கொட்டகையிலும் நிற்கலாம், மெக்கானிக்கிடமும் நிற்கலாம். செலவு வைக்குமா வைக்காதா என்பதைச் சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அரசாங்க ஏட்டில் மட்டும்தான். எதிரே யார் உட்கார்ந்தாலும் வகுப்பு தொடங்கிவிடும். சென்னையில் ஓர் ஓட்டலில் அவரோடு டிபன் சாப்பிடப் போயிருந்தேன். மெனு கார்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தவர் சப்ளையரைக் கூப்பிட்டார்.

"செட் தோசைன்னா எத்தனை தம்பி?"

"மூணு சார்."

"பூரி செட்?"

"அது ரெண்டு."

"பரோட்டா செட்?"

"அதுவும் ரெண்டு சார். ஆனா சாயந்திரம்தான்."

"இட்லி?"

"இட்லிக்கு செட் கிடையாது சார். பிளேட்டுதான்."

"பிளேட்டுக்கு எத்தனை?"

"ரெண்டு."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் இலக்கணம் வருகிறது என்று அர்த்தம். "மூணும் செட்டு, ரெண்டும் செட்டு. ஆனா ரெண்டு இட்லி மட்டும் செட்டு இல்லை. இதுக்கு விதி என்ன?"

சப்ளையர் நிஜமாகவே யோசித்தார். "அது அப்படியே செட் ஆயிருச்சு சார்."

இதைவிட நல்ல பதிலை எந்த அகராதியும் சொல்லிவிட முடியாது. செட் தோசை பெங்களூருப் பக்கத்துச் சரக்கு. அங்கே பெரும்பாலும் மூன்று. சென்னைக்கு வந்து வடகறியோடு சேர்ந்துகொண்டபின் கடைக்குக் கடை எண்ணிக்கை மாறுகிறது. பெரியப்பா பொங்கல் சொன்னார். அதில் எண்ணிக்கை வராது.

உண்மையில் செட் ஒரு சொல்லே இல்லை, இரண்டு. வினைச்சொல் பழைய ஆங்கிலத்து 'செட்டன்'. 'உட்கார்' என்பதன் பிறவினை. அதாவது 'உட்கார வை'. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வருகிற பெயர்ச்சொல் வேறு ரத்தம். அது லத்தீன் 'செக்டா'. ஒருவரைப் பின்பற்றிப் போகிற கூட்டம். பிரெஞ்சு வழியாக வந்து, உச்சரிப்பு ஒன்றாகிப்போனதால் இதோடு கலந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெரு முனை டீக்கடைப் பையன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். 'நாங்க தனி செட்டு' என்பார்கள். ஒருவன் முன்னால் பைக்கில் போவான், நாலு பேர் பின்னால் போவார்கள், எங்கே போகிறோம் என்று நாலு பேரும் கேட்க மாட்டார்கள். லத்தீன் தெரியாமலே மூலப்பொருளைப் பழுதில்லாமல் காப்பாற்றி வருகிறார்கள். தென் மாவட்டங்களில் கரகாட்டம், நையாண்டி மேளம், நாடகம் எல்லாவற்றிலும் ஆட்களைச் சேர்த்துச் சொல்ல செட்டுதான். திருவிழாவில் ஆட்டம் நன்றாக இருந்தால் முதல் கேள்வி 'எந்த ஊரு செட்டு?' என்பதுதான். ஆக்ஸ்ஃபோர்டுக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

'செட் ஆகலை' என்று இன்றைய பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுப் பலருக்கும் எரிச்சல் வருகிறது. அந்தச் சட்டை செட் ஆகலை, மெட்ராஸ் தண்ணி செட் ஆகலை, மூணு வருஷம் பழகின பொண்ணு செட் ஆகலை. 'ஒத்துவரலை' என்பதற்கு ஆங்கிலத்தில் செட் என்று யார் சொல்கிறார்கள், இது நம்ம ஆட்கள் கெடுத்து வைத்தது என்று திட்டுவார்கள். அப்படி இல்லை. 'ஒருவருக்குப் பொருந்துவது, எடுப்பாக இருப்பது' என்ற பொருள் பழைய ஆங்கிலப் பேச்சில் இருந்தது, ஸ்காட்லாந்துப் பேச்சில் நன்றாகவே நிலைத்தது. 'இந்தக் கோட்டு உனக்கு நல்லா செட் ஆகுது' என்று அங்கே ஒரு பாட்டி சொல்லியிருக்கக்கூடும். ஆகவே அடுத்தமுறை பிள்ளைகளைத் திட்டுவதற்குமுன் ஸ்காட்லாந்துப் பாட்டியையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கொத்தனாரின் செட். தளம் போட்ட அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு கவலை இருக்கும். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "செட் ஆகட்டும்ணே, அப்புறம் தண்ணி கட்டிக்கலாம்" என்பார். அதற்குள் நாய் ஓடிவிடக் கூடாது, பக்கத்து வீட்டுப் பையன் பேர் எழுதிவிடக் கூடாது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கே வகுத்திருக்கிறது. கலவை இறுக ஆரம்பிப்பது 30 நிமிடத்துக்கு முன்னால் இருக்கக் கூடாது. முழுதாக இறுகி முடிவது 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பத்து மணி நேரம். நம் வீடுகளில் புதிதாக வருகிற மருமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு கணக்கு இல்லாததுதான் பிரச்சினை. பத்து வருஷம் ஆனபிறகும், 'இன்னும் செட் ஆகலை' என்று ஒரு மாமியார் கோயில் வாசலில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சினிமா செட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1987-ல் வந்த 'நாயகன்' படத்துக்காக பம்பாய் தாராவியைத் தோட்டா தரணி சென்னை ஸ்டுடியோவில் செட் போட்டார். தேசிய விருதும் வாங்கினார். தாராவிக்காரர்கள் என்ன வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். 'செட்டப்' என்ற அதன் சொந்தக்காரனிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 'அவர் வீட்டுல செட்டப் பிரமாதம்' என்றால் ஹோம் தியேட்டர். 'அவருக்கு ஒரு செட்டப் இருக்கு' என்றால் வேற வீடு. வேற்றுமை உருபு ஒரு குடும்பத்தைக் கெடுக்கும் என்று நான் சொன்னால் பெரியப்பாவே ஒத்துக்கொள்வார்.

அவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு அசரவில்லை. "செட்டுங்கறதே தமிழ்தாண்டா. கட்டும் செட்டுமா குடித்தனம் பண்ணணும்னு உங்க அப்பத்தா சொன்னதில்லையா? செட்டுன்னா சிக்கனம். உனக்கு அது இல்லாததால தெரியலை" என்றார். அதோடு விட்டாரா? வெள்ளைக்காரனின் செட் செய்கிற வேலையை நம் 'வை' எப்போதோ செய்து முடித்துவிட்டது என்றார். நன்னூல் சொல்கிற 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் ஒன்று. அவன் மூன்று எழுத்தில் செய்வதை நாம் ஒரே எழுத்தில். தேதி வைக்கிறோம், பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம். அத்தனைக்கும் அங்கே செட்தான். அதற்குமேல் குழம்பு வைக்கிறோம், மீசை வைக்கிறோம், பேர் வைக்கிறோம், சூனியம் வைக்கிறோம், மேலதிகாரிக்கு ஐஸ் வைக்கிறோம், அவர் நமக்கு ஆப்பு வைக்கிறார். "எண்ணிப் பாரு, 430 என்ன பெரிய 430" என்றார். நான் எண்ணவில்லை. எண்ணினால் அவர் இன்னும் சொல்வார்.

கணக்குப் புத்தகத்தில் செட்டுக்குத் தமிழ் 'கணம்'. ஒன்பதாம் வகுப்பில் வரும்: நன்கு வரையறுக்கப்பட்டவற்றின் தொகுப்பு. மேற்படி டீக்கடை செட்டு பில் வருகிற வரைக்கும் நன்கு வரையறுக்கப்பட்டிருக்கும். வந்ததும் வெற்றுக் கணம். கேயார்க் கேண்டர் என்ற ஜெர்மானியக் கணித மேதை 19-ஆம் நூற்றாண்டில், முடிவே இல்லாத இரண்டு கணங்களில் ஒன்று மற்றதைவிடப் பெரியதாக இருக்க முடியும் என்று நிரூபித்தார். உலகம் அதிர்ந்ததாம். பெண் வீட்டார் விருந்தாளிப் பட்டியலையும் மாப்பிள்ளை வீட்டார் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் அதிர மாட்டார்கள்.

அந்தப் பட்டியல்கள் என் தங்கை கல்யாணத்தில் பெரியப்பா கையில் இருந்தன. பொறுப்பு முழுக்க அவருடையது. சித்தப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: மைக்செட், ஜென்செட், நாதஸ்வர செட், சீர்ப் பாத்திர செட், கல் நெக்லஸ் செட். கடைசி வரியில், தாத்தாவின் பல்செட் ரிப்பேர். பெரியப்பா அத்தனையையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஒலிபெருக்கி, மின்னாக்கி, மங்கல இசைக்குழு என்று திருத்தி எழுதினார். பல்செட்டை மட்டும் விட்டுவிட்டார்; தாத்தா பக்கத்தில் இருந்தார். திருத்தம் நோட்டோடு சரி. ஊருக்குள் போன் பண்ணுகிறவர்களுக்கு அந்த நோட்டு எப்படித் தெரியும்?

முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்தில் போன் அடித்தது. முந்தின ராத்திரியே இரண்டு தடவை கரண்டு போயிருந்தது. ஜெனரேட்டர் இன்னும் வரவில்லை என்று பெரியப்பா தூங்காமல் நடந்துகொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எனக்கு முழுதும் கேட்டது.

"ஐயா, வணக்கம். செட்டு வந்திருச்சுங்க. எங்க இறங்கணும்?"

பெரியப்பாவுக்குப் போன உயிர் வந்தது. "வந்தாச்சா! நேரா சமையல்கட்டுக்குப் பின்னால போங்க. கழிவறைச் சுவரை ஒட்டி இறக்கிடுங்க. சத்தம் மண்டபத்துக்குள்ள கேக்கவே கூடாது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"கேக்கக் கூடாதுங்களா?"

"ஐயர் மந்திரம் சொல்றது காதுல விழ வேண்டாமா? பனி பெய்யுது, மேல தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டி வைங்க. கரண்டு போனா மட்டும் முடுக்கினாப் போதும்."

"ஐயா..."

"டீசல் எவ்வளவு குடிக்கும்? அஞ்சு லிட்டர் காணுமா? காசு கணக்குப் பார்க்காதீங்க, ஊத்திடலாம்."

"ஐயா, நாங்க திருமங்கலம் நாதஸ்வர செட்டு பேசறோம். டீசல் வேண்டாங்க. காபி இருந்தா ஓடிரும்."