கோடு ஃபுல்லா இருக்கேம்மா!

செக்ரட்டரி இல்லாத அபார்ட்மென்ட்கூட சென்னையில் உண்டு. வைஃபை மாமா இல்லாத அபார்ட்மென்ட் கிடையாது. பணி ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை, பையில் ஒரு டெஸ்டர். வைஃபைக்கும் டெஸ்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

"நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு மாமா" என்று லிஃப்டில் வாய்தவறிச் சொன்னால் போதும், சாயங்காலம் காலிங் பெல் அடிக்கும். நாடி பிடிக்கும் வைத்தியர்போல போனைக் கையில் வாங்கிக் கண்ணை மூடித் திறப்பார். "கோடு ஃபுல்லா இருக்கேம்மா! அப்புறம் எப்படி ஸ்லோவாகும்?" தப்பு நம் பேரில்தான் என்று அப்போதே முடிவாகிவிடும்.

ரவுட்டரின் குரல் போனுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு சொல்லும். வெளியிலிருந்து வரும் கேபிளில் என்ன கோளாறு, அதே சேனலில் இன்னும் எத்தனை பேர் கத்துகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் இன்ஜினியரிங் படிக்கும் பெண் இதைச் சொல்லிப் பார்த்தாள். "அது சிலபஸ்மா. இது அனுபவம்" என்றார் மாமா.

அவரையும் சும்மா சொல்லக் கூடாது. மைக்ரோவேவ் ஓடும்போது வீடியோ கால் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் குடியிருக்கிறது. "மீட்டிங் முடியற வரைக்கும் சாம்பார் ஆறினா ஆறட்டும்" என்பது அவர் போட்ட சட்டம். 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் அவருக்கு ஆகாது. "சுவரைத் தாண்ட மாட்டேங்குதே!" அண்டை வீட்டு இரைச்சல் அவ்வளவாக உள்ளே வராததும் அதனால்தான் என்பது அவருக்கு ஏறவில்லை.

வினை சேனல் எண்ணில் வந்தது. 2.4-ல் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்க 1, 6, 11 என்று மூன்று இடம்தான். மாமாவுக்கு ராசி எண் ஆறு. வீடு வீடாகப் போய் எல்லா ரவுட்டரையும் ஆறில் நிறுத்திவிட்டார். வைஃபைக்கு ஒரு மரியாதை உண்டு: யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருந்துதான் வாய்திறக்கும். கட்டடம் முழுக்க ஒரே சேனல் என்றால், பேசுவதைவிடக் காத்திருப்பதே வேலை. கோடு மட்டும் எல்லார் வீட்டிலும் ஃபுல்!

"மாமா, எல்லாரும் ஆறுலயே நிக்கறாங்க. ஒண்ணு, பதினொண்ணுன்னு பிரிச்சு விடலாமே?" என்றாள் அந்தப் பெண், போனில் படம் காட்டி.

வெகுநேரம் யோசித்தார். "நீ சொல்றதும் சரிதான். ஆறு சுக்கிரன். சுகம் குடுப்பான், வேகம் குடுக்க மாட்டான். ஒன்பதுக்கு மாத்திடுவோம். செவ்வாய்!"

மறுநாளே கீழ்த்தளத்தில் ஆரம்பித்தார். லிஃப்ட் ஓடவில்லை, முழங்கால் வலி வேறு; இரண்டாம் மாடியோடு நிறுத்திக்கொண்டார். இப்போது கீழே ஒன்பது, மேலே ஆறு; இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஒரே சேனலில் இருந்தவரை ஒருவர் பேச ஒருவர் காத்திருந்த ரவுட்டர்களுக்கு, இப்போது மற்ற சேனல்காரர் பேச்செல்லாம் வெறும் இரைச்சல். "லிஃப்ட்டு சரியானதும் மிச்சத்தையும் மாத்திடறேன்" என்கிறார் மாமா. லிஃப்ட் ரிப்பேரை எப்படித் தள்ளிப்போடலாம் என்று செக்ரட்டரி யோசித்துக்கொண்டிருக்கிறார்.