குப்பைத்தொட்டி கொடுத்த நோபல்

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம் என்றொரு புரொஃபசர். உயிருள்ள தவளையைக் காந்தப்புலத்தில் மிதக்கவிட்டு, நையாண்டிப் பரிசான இக் நோபலை வாங்கியவர். தன் ஹாம்ஸ்டர் எலியை ஒரு கட்டுரைக்கு இணை ஆசிரியராகவே போட்டிருக்கிறார். தப்பா என்ன? லேப் பக்கமே வராத துறைத் தலைவர்கள் பெயரெல்லாம் கட்டுரைகளில் வரும்போது, எலி எவ்வளவோ தேவலை!

இவர் ஒரு மாணவரிடம் கிராபைட் கட்டியைக் கொடுத்து, முடிந்தவரை மெல்லிசாகத் தேய்க்கச் சொன்னார். பாவம், கட்டி முழுக்கத் தூளாகி, ஒரு சின்னத் துணுக்குதான் மிஞ்சியது. அதே லேபில் கிராபைட்டைச் சுத்தம் செய்ய செல்லோடேப்பை ஒட்டி உரித்துக் குப்பையில் போடுவார்கள். அந்தக் குப்பையை எட்டிப் பார்த்தால், மாணவர் தேய்த்ததைவிட மெல்லிய சில்லுகள்!

சில்லுகளை சிலிக்கன் தகட்டில் ஒட்டினார் சகா நோவோசெலோவ். மேலே 300 நானோமீட்டர் ஆக்சைடு. கிராஃபீன் என்ற ஒற்றை அணுப் படலம் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரிந்ததே அந்தத் தடிமன் தயவால்தான். 315 ஆக இருந்திருந்தால் நோபலே கண்ணில் பட்டிருக்காது.

அடியில் இருக்கும் சிலிக்கனுக்கு வோல்டேஜ் கொடுத்தால், மேலே கிராஃபீனில் கரன்ட் கூடும், குறையும். வோல்டேஜின் குறியை மாற்றினால் எலெக்ட்ரான் போய், எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்களான ‘துளைகள்’ ஆட்சிக்கு வரும். இந்த மகத்தான செய்தியை ‘நேச்சர்’ திருப்பி அனுப்பியது. 2004-ல் ‘சயன்ஸ்’ போட்டது, 2010-ல் இருவருக்கும் நோபல்.

இனி சிப்பெல்லாம் கிராஃபீன்தான் என்று உடனே சிலிக்கனுக்கு இரங்கற்பா பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே ஒரு சின்னச் சிக்கல். கிராஃபீன், ஒன்றிலிருந்து ஐந்து வரை இருந்தும் பூஜ்யம் இல்லாத ஃபேன் ரெகுலேட்டர். கரன்ட்டை நிறுத்த உதவும் ஆற்றல் இடைவெளியான பேண்ட் கேப் கிடையாது, எனவே ஆஃப் ஆகவே ஆகாது. ஆஃப் ஆகாததை வைத்துக் கம்ப்யூட்டர் செய்வதெப்படி சார்?

இதற்கிடையில் ஜார்ஜியா டெக்கின் வால்ட் டி ஹீர். சிலிக்கன் கார்பைடைச் சூடாக்கி, சிலிக்கனை ஆவியாக்கி, அதன் மேலேயே கிராஃபீன் வளர்த்தவர். பரிசு வேறு பக்கம் போனதும், கமிட்டியின் விளக்கக் குறிப்பில் உள்ள பிழைகளைப் பட்டியலிட்டுக் கடிதம் போட்டார். 2004-ல் அளந்தது ஒற்றை அடுக்கே இல்லையாம்! கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன பெரியப்பாக்களுக்கு இந்த வலி புரியும்.

மனிதர் விடவில்லை. கார்பைடோடு ஒட்டிக்கிடக்கும் முதல் அடுக்கை எல்லோரும் உதவாக்கரை என்று ஒதுக்கியிருந்தார்கள். தியான்ஜின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதையே ஒழுங்காக வளர்த்து, 0.6 எலெக்ட்ரான் வோல்ட் பேண்ட் கேப் இருப்பதாக 2024 ஜனவரியில் அறிவித்தார். இந்த முறை ‘நேச்சர்’ திருப்பி அனுப்பவில்லை.

இரங்கற்பாவை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் போனில் ஓடுவது இன்னும் சிலிக்கன் சிப்தான்.