மாதத்தின் முதல் வாரம்

எண்பதுகளின் கடைசியில் அஞ்சலகத்தில் மாதம் பத்து ரூபாய்க்கு ஆர்.டி. போடலாம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் அந்தப் பத்து ரூபாய்க் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் இருபத்தைந்து கட்டுவார். வாத்தியார் வீட்டில் நூறு. இத்தனை பேரிடமும் பணம் வாங்கி, அட்டையில் கையெழுத்துப் போட்டு, பட்டியல் எழுதி, பாஸ்புக்குகளைக் கட்டாகக் கட்டி அஞ்சலகக் கவுண்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் அம்மாவின் வேலை. அம்மா சிறுசேமிப்பு முகவர். பெண்களுக்கென்றே மத்திய அரசு 1972-ல் கொண்டுவந்த முகவர் திட்டத்தில் உரிமம் வாங்கியவள். வசூலில் நூற்றுக்கு நாலு ரூபாய் கமிஷன். தெருவில் அவளுக்குப் பெயர் 'போஸ்டாபீஸ் அக்கா'.

யாரிடம் எப்போது போக வேண்டும் என்பதில்தான் அவளுடைய திறமை இருந்தது. வாத்தியார் வீட்டுக்கு ஒன்றாம் தேதி சாயங்காலம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்குச் சம்பளம் வாரச் சம்பளம், அதுவும் சனிக்கிழமை. ஆகவே சனிக்கிழமை பொழுதடையும் நேரத்தில் அவர்கள் தெருமுனையில் நிற்பாள். பத்து ரூபாயை ஒரே மூச்சில் எடுத்துத் தர முடியாதவர்களிடம் வாரத்துக்கு இரண்டரை ரூபாயாக வாங்கி, நோட்டில் பெயருக்கு நேரே எழுதி, மாதக் கடைசியில் சேர்த்துக் கட்டுவாள். அரசாங்கம் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"இந்த மாசம் முடியாது போலிருக்குக்கா" என்று யாராவது இழுத்தால் அம்மா அதட்ட மாட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். தவணை தப்பினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் விழும், நாலு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தப்பினால் கணக்கே நின்றுவிடும் என்று நிதானமாகச் சொல்வாள். "நீ குடுக்கலைன்னா நான் போட்டுக் கட்டிடுறேன், அடுத்த சனிக்கிழமை குடு" என்பாள். பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமை பணம் வந்துவிடும்.

அறுபது மாதம் முடிந்து முதிர்வுத் தொகை வாங்கும் நாளில் அந்தப் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு அஞ்சலகத்துக்கு வருவார்கள். அந்தப் பணம் தோடாகும். கூரை ஓடாகும். ஒரு வீட்டில் அது மகளின் டீச்சர் டிரெயினிங் ஃபீஸ் ஆனதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மிக்ஸி வாங்க வேண்டுமென்றால் மிக்ஸிக்கென்று கணக்கு தொடங்குவார்கள், ஐந்து வருஷம் அம்மியில் அரைப்பார்கள்.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஐந்து வருஷம் காத்திருந்தவர்களில் காத்திருக்கவே கூடாத காரியத்துக்குக் காத்திருந்தவர்களும் உண்டு. கர்ப்பப்பை ஆபரேஷனைத் தள்ளிப் போட்ட பெண்ணை எனக்குத் தெரியும். சேமிப்பு போதாத இடத்தில் கந்துவட்டிக்காரர் இருந்தார். கந்துவட்டியைத் தடுக்கத் தனிச் சட்டம் 2003-ல்தான் தமிழ்நாட்டில் வந்தது. வட்டி விகிதத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1988-ல் வந்த கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்ட பணம் ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பானது. இன்றைக்கு 7.5 சதவீத வட்டியில் 115 மாதம் ஆகிறது, அதாவது ஒன்பது வருஷம் ஏழு மாதம். ஆனால் 1991 வாக்கில் விலைவாசியும் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. இரட்டிப்பான பணத்தில் பெரும்பங்கை அது தின்றுவிட்டது.

ஆக, அன்றைய மக்கள் நம்மைவிட ஒழுக்கசாலிகள் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கும் ஆசை இருந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முழுக்கச் செலவழிக்க அவளுக்கும் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், சந்தைக்கு முந்தின நாளே அவள் வாசலில் அம்மா வந்து நின்றாள். சேமிப்புக்கு ஒரு ஆள் இருந்தது. தெரிந்த முகம், தெரிந்த நாள், தெரிந்த நேரம். மிச்சத்தைச் சேமிப்பது என்ற வழக்கமே அந்தத் தெருவில் இல்லை. சேமித்தது போக மிச்சத்தில் வாழ்ந்தார்கள். இந்த வரிசைதான் முப்பது வருஷத்தில் தலைகீழாகிவிட்டது.

என் பள்ளியில் சஞ்சாயிகா இருந்தது. பிள்ளைகள் கொண்டுவரும் நாலணா, எட்டணாவை ஒரு ஆசிரியர் வாங்கி எழுதிக்கொள்வார். ஆண்டு விழாவில் அதிகம் சேமித்த மாணவருக்குப் பரிசு கொடுப்பார்கள். பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகக் கணக்குப் பிரிவு அந்த ஆசிரியரின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஜனவரி பிறந்தால் போதும், முதலீட்டுச் சான்று எங்கே என்று கேட்பார்கள். 80சி பிரிவில் கழிவு வேண்டும் என்பதற்காகவே பி.பி.எஃப்., தேசிய சேமிப்புப் பத்திரம், எல்.ஐ.சி. என்று ஓடினோம். வரிக்குப் பயந்து சேமித்த பணம்தான் என் தலைமுறையில் பலருக்கு வீட்டுக்கான முன்பணமானது. 2020-ல் புதிய வரிமுறை வந்தது, 2023-24 முதல் அதுவே இயல்பான முறையானது. வரி விகிதம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அதில் 80சி கழிவு கிடையாது. என் அலுவலகத்தில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் ஜனவரியில் யாரும் எதுவும் கேட்பதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. கையில் கூடுதலாக வரும் பணத்தை அவர்களே சேமித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறவர்கள், சென்னையில் ஒரு மாதத்தின் முதல் வாரத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. வாடகை அன்றே போகிறது. அந்த வீட்டுக்குள் நுழையவே பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருப்பார்கள். 2017-ல் இயற்றிய வாடகைச் சட்டம் மூன்று மாதம் போதும் என்கிறது, இருவரும் வேறாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய. அந்த 'ஒழிய' வழியாகத்தான் ஊரே நடக்கிறது. ஐந்தாம் தேதி வாக்கில் தவணைகள். பைக்குக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, அக்காள் கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனுக்கு ஒன்று. யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை, தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடுகிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் போடுவார், வங்கி இன்னொன்று போடும். அம்மாவின் ஒரு ரூபாய் அபராதத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கோவில்பட்டிக்குப் போனால் இதன் மறுபக்கம் தெரிகிறது. அங்கே இன்றும் தெருவுக்கு ஆள் வருகிறார். ஆனால் வருகிறவர் சிறுகடன் நிறுவனத்துப் பையன். பத்துப் பதினைந்து பெண்கள் குழுவாகக் கூடுகிறார்கள், ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்டும்வரை கூட்டம் கலையாது. பிணை இல்லாத கடன் என்பது உண்மை. பிணை அந்தப் பெண்களின் முகம். 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு மிகாத குடும்பங்களுக்குத் தருவது சிறுகடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புக்காக வைத்த வரம்பே பாதி! பாதி வருமானத்தில் அரிசி பருப்பும் பள்ளிக்கூடமும் மருந்தும் எப்படி நடக்கும்? மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவின் தொழிலுக்கு அப்படிப்பட்ட சட்டம் எந்நாளும் தேவைப்படவில்லை.

வசதியில்லாத காரணத்தால்தான் சேமிப்பு குறைந்தது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவின் காலத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குடும்பத்துக்கு அரிசியும் பேருந்தும்தான் பெரிய செலவு. அவை இறங்கிய இடத்தில் ஆங்கிலப் பள்ளிக் கட்டணமும் தனியார் ஆஸ்பத்திரியும் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவர்கள் செய்யும் பொருளின் விலையோ அசையவில்லை. 2007-ல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பதினாலு வருஷம் விலை ஏறாத பொருளைச் செய்கிறவரின் கூலி எந்த வேகத்தில் ஏறியிருக்கும்? அவர்களிடம் போய்ச் சிக்கனம் பேசுகிறவரைக் கண்டால் எனக்கு ஆகாது. நாடு முழுவதுமே இப்படித்தான். 2022-23-ல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது கடனைக் கழித்தது போக மிஞ்சியது, நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்து சதவீதத்துக்கு இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத சரிவு அது.

இடையில் 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புருஷனுக்குத் தெரியாமல் அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் வைத்திருந்த சிறுவாட்டுப் பணம் ஐந்நூறாகவும் ஆயிரமாகவும் வெளியே வந்தது. வங்கி வரிசையில் அந்தப் பெண்கள் நின்றபோது, எவ்வளவு வைத்திருக்கிறாய் என்ற கேள்விக்கு வீட்டிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் பல வீடுகளில் திரும்பி வரவில்லை. குடிகாரப் புருஷன் உள்ள வீட்டில் அந்தப் பானைதான் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அஞ்சலகத்தில் ஆர்.டி. குறைந்தபட்சம் நூறு ரூபாய். வட்டி 6.7 சதவீதம். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, அம்மாவிடம் கணக்கு வைத்திருந்தவளின் மகள், மாதாமாதம் அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தை அப்படியே ஆர்.டி.யில் போடலாமா என்று கேட்டாள். சிறுகடன் தவணை ஒன்று முடிந்திருந்தது. அடுத்த கடனுக்குப் பையன் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "வாங்கலைன்னா குழுவுல கோவிச்சுக்கிடுவாங்கண்ணே" என்றாள். ஐந்து வருஷத்தில் அறுபதாயிரம் கட்டினால் 71,366 ரூபாய் வரும் என்று போட்டுக் காட்டினேன். அவசரம் வந்தால் ஒரு வருஷத் தவணை கட்டிய பிறகு கணக்கில் இருப்பதில் பாதி வரை கடனாக எடுக்கலாம், குழுவில் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

முகவரின் பிள்ளைக்குத் தெரிந்த ஒரு நுணுக்கமும் இருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு மாதாமாதம் பதினைந்துக்குள் கட்டியாக வேண்டும். பதினாறுக்கு மேல் தொடங்கினால் மாதக் கடைசி வரை நேரம் உண்டு. உரிமைத் தொகை வருவது பதினைந்தை ஒட்டி. ஆகவே பதினெட்டாம் தேதி போய்க் கணக்கைத் தொடங்கு, நாமினியாக மகள் பெயரைக் கொடு என்றேன். அப்படியே செய்திருக்கிறாள்.